பிப்ரவரியில் செரெங்கேட்டி: ஒரு குறுகிய சஃபாரியின் நிகழ்வு ஆய்வு

பயண நிறுவனம் அனுப்பிய திட்டம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து தரங்கிரே தேசியப் பூங்கா. இரண்டாம் நாள் மன்யாரா ஏரி. மூன்றாம் நாள் செரெங்கேட்டியின் நடுப்பகுதியான செரோனெரா. நான்காம் நாள், எரிமலை உள்வாங்கி உண்டான கோரோங்கோரோ பள்ளத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் மறுபடி அருஷா. நான்கு நாளில் நான்கு பூங்கா, ஒவ்வொன்றுக்கும் ஒரு யானைப் படமோ சிங்கப் படமோ. வடக்கு தான்சானியாவுக்குக் குறைந்த விடுமுறையில் போகிற பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ஏறக்குறைய இதே திட்டம்தான்.

போகப்போவது எங்கள் குடும்பத்தில் ஆறு பெரியவர்கள், ஒரே வண்டியில். அதில் அம்மா எழுபதைக் கடந்தவர், முதுகுவலி உண்டு. மாதம் பிப்ரவரி. இந்த மூன்று விவரங்களும் திட்டத்தில் எங்குமே பிரதிபலிக்கவில்லை. ஆகஸ்டில் போகும் இருபது வயதுக்காரர்களுக்கும் இதையேதான் அனுப்பியிருப்பார்கள். திட்டத்தைக் கலைத்துப் போட்டு வேறு மாதிரி அமைத்துப் போனோம். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், அதனால் என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மணிக்கணக்கு

அருஷாவிலிருந்து செரோனெரா ஏறக்குறைய 320 கிலோமீட்டர். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைக் கணக்கில் ஐந்து மணி நேரம் என்று மனம் போடும். ஆனால் தார்ச்சாலை கோரோங்கோரோவின் லொடுவாரே வாயிலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் மலை விளிம்பு, இறக்கம், புழுதியும் சரளையும் கலந்த நீண்ட சாலை. உடம்பை உலுக்கி எடுக்கும். ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அந்தத் திட்டத்தின்படி மூன்றாம் நாள் மன்யாராவிலிருந்து கிளம்பினால் செரோனெராவைச் சேரும்போது பிற்பகலாகிவிடும். மறுநாள் பள்ளத்துக்குள் இறங்கி, மாலை ஆறு மணிக்குள் மேலே ஏறியாக வேண்டும் என்றால் காலையிலேயே செரோனெராவை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆக, 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள செரெங்கேட்டிக்கு மிஞ்சுவது ஒரு மாலைப்பொழுதும் ஒரு விடியற்காலையும்தான். அதற்கு முழு நுழைவுக் கட்டணம், முழு நாள் சாலை.

இதில் அனுமதிச் சீட்டின் கடிகாரம் வேறு இருக்கிறது. செரெங்கேட்டியிலும் கோரோங்கோரோவிலும் அனுமதி 24 மணி நேரக் கணக்கு. பிற்பகல் 2 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் 2 மணிக்குள் வாயிலைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் வண்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் இன்னொரு நாள் கட்டணம். செரெங்கேட்டியின் நாபி மலை வாயிலை நோக்கிப் புழுதி பறக்க விரையும் வண்டிகளைப் பார்த்தால் இதுதான் காரணம். பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். வழியில் சிறுத்தை மரத்தில் படுத்திருந்தாலும் ஓட்டுநர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

பிப்ரவரியில் விலங்குகள் எங்கே?

மணிக்கணக்கைவிடப் பெரிய பிழை பருவத்தில் இருந்தது. தரங்கிரே உண்மையில் அருமையான பூங்கா. பெருத்த பவோபாப் மரங்கள், நடுவே ஓடும் ஆறு. ஜூலை முதல் அக்டோபர் வரை சுற்றுவட்டாரம் எல்லாம் காய்ந்துகிடக்கும்போது அந்த ஆறுதான் தண்ணீர். யானைகளும் வரிக்குதிரைகளும் அங்கே வந்து குவியும். ஆனால் நவம்பர், டிசம்பரில் சிறுமழை பெய்ததும் கதை மாறுகிறது. வில்டபீஸ்ட் (மாடு போன்ற உடம்புள்ள பெரிய மான் வகை), வரிக்குதிரைக் கூட்டங்கள் பூங்காவை விட்டுக் கிழக்கே சிமன்ஜிரோ சமவெளிக்கும் வடக்கேயும் போய்விடும். பிப்ரவரி தரங்கிரேயில் யானை பார்க்கலாம், பறவைகள் நிறைய பார்க்கலாம். ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கும் அந்த ஆற்றங்கரைக் காட்சி கிடைக்காது. உயரமான புல்லும் கடிக்கும் செட்சி ஈக்களும் உண்டு.

அதே பிப்ரவரியில் செரெங்கேட்டியின் தெற்கு ஓரத்தில், கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியோடு ஒட்டிய என்டுட்டு சுற்றுவட்டாரத்தில் நடப்பது வேறு. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் வருடம் முழுக்க மழையைத் தேடிச் சுற்றும் பெரிய வட்டத்தில் இது குட்டி போடும் கட்டம். பெரும்பாலான பெண் விலங்குகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈன்றுவிடுகின்றன. ஒரே நேரத்தில் இத்தனை குட்டிகள் தரையில் விழுந்தால் கழுதைப்புலிகளாலும் சிங்கங்களாலும் எவ்வளவுதான் தின்ன முடியும்? கூட்டத்தோடு பிறக்கும் குட்டிக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். முன்னாலோ பின்னாலோ தனியாகப் பிறப்பதுதான் முதலில் பலியாகிறது.

ஏன் அந்த இடம் என்பதற்கு விடை மண்ணில் இருக்கிறது. கிழக்கே இருக்கும் எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து உருவான சமவெளி அது. அவற்றில் ஒல் டொய்ன்யோ லெங்காய் இன்னும் உயிருள்ள எரிமலை, 2007-08ல்கூட வெடித்தது. மேல்மண் மெல்லிசு. அடியில் சுண்ணாம்பு இறுகிய கட்டிப் படலம். மரத்தின் வேர் அதைத் துளைத்துப் போக முடியாது, அதனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமே இல்லாமல் குட்டைப் புல். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் தூக்கல், பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். மரமும் புதரும் இல்லாததால் பதுங்கி வரும் எதிரியும் தூரத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர் மட்டும் நிரந்தரமில்லை. மே மாதவாக்கில் காய்ந்துவிடும், மந்தையும் கிளம்பிவிடும்.

எண்ணிக்கை என்றைக்கும் இப்படி 13 லட்சமாகவே இருந்ததில்லை. 1890களில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் வந்த மாட்டு வெக்கை நோய் வளர்ப்பு மாடுகளையும் காட்டு விலங்குகளையும் சேர்த்தே அழித்தது. 1960களின் தொடக்கத்தில் செரெங்கேட்டியில் இரண்டரை லட்சத்தை ஒட்டித்தான் வில்டபீஸ்ட்கள் இருந்தன. பூங்காவைச் சுற்றியிருந்த மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோய் நின்றதும், 1970களின் இறுதிக்குள் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசியால் காட்டில் பத்து லட்சம் உயிர் கூடியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. 1994ல் ஊர் நாய்களிலிருந்து பரவிய டிஸ்டெம்பர் வைரஸ் செரெங்கேட்டி சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது.

மாற்றிய திட்டம்

தரங்கிரேயும் மன்யாராவும் போயின. செரோனெராவில் இரவு தங்குவதும் போயிற்று. அருஷாவிலிருந்து முதல் நாள், கோரோங்கோரோவுக்கு முன்னால் இருக்கும் கராத்து ஊர் வரை மட்டும் ஓட்டம், முழுக்கத் தார்ச்சாலை, மூன்று மணி நேரத்துக்குள். அம்மாவுக்காகத்தான் அந்த நிறுத்தம். மறுநாள் காலை என்டுட்டு போய் அங்கேயே கூடாரத் தங்குமிடத்தில் இரவுகள். நடுவில் ஒரு நாள் மட்டும் நாபி மலை வழியாகச் செரெங்கேட்டிக்குள் சிம்பா பாறைக் குன்றுகள் வரை. திரும்பும் வழியில் கோரோங்கோரோ பள்ளம். என்டுட்டு பக்கத்திலிருந்து வரும்போது மேற்குச் சரிவில் இருக்கும் செனெட்டோ பாதை வழியாகவே பள்ளத்துக்குள் இறங்கி, மாலையில் லெராய் பாதையில் ஏறி நேரே கராத்து போய்விடலாம். சாலைக் கணக்கில் இது மிகச் சரியாகப் பொருந்துகிறது.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்குக் கோரோங்கோரோவில் 60 டாலர், செரெங்கேட்டியில் உயர்பருவத்தில் 70 டாலர். இரண்டுக்கும் 18 சதவீத வரி தனி. வரியோடு சேர்த்து 70.80, 82.60 ஆகிறது. பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 250 டாலர், வரியோடு 295. பூங்காவுக்குள் தங்கினால் தங்கும் கட்டணமும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு இரவுக்கும் உண்டு. ஆறு பேருக்கு ஒரு நாள் செரெங்கேட்டி என்றால் 495 டாலர் 60 சென்ட். இது சாப்பாடு, வண்டி, தங்குமிடம் எதுவும் சேராமல். அதனால் என்டுட்டுவில் தங்குவது வெறும் காட்சிக்காக எடுத்த முடிவு இல்லை. அந்த இடம் பெரும்பாலும் கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது, அங்கேயே சுற்றும் நாட்களுக்குச் செரெங்கேட்டிக் கட்டணம் இல்லை. செலவில் மிச்சமானதை ஒரு இரவு கூடுதலாகத் தங்கப் போட்டோம்.

பள்ளக் கட்டணம் வண்டிக்கு என்பதால் வண்டியில் ஆள் கூடக் கூடத் தலைக்கு விழுவது குறையும். ஆறு பேர் ஒரு லேண்ட் குரூசரில் போனால் ஆளுக்கு ஒரு ஜன்னலும் கிடைக்கும், செலவும் கட்டுப்படும்.

இந்தத் திட்டத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். மழை தள்ளிப்போனால் மந்தையும் தள்ளிப்போகும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதால் அப்போது மாற்று வழி கிடையாது. நாங்கள் போன வருடம் மழை நேரத்தோடு வந்திருந்தது. ஆனாலும் தப்பான பருவத்தில் நான்கு இடத்துக்குப் போவதைவிட, சரியான பருவத்தில் ஒரே இடத்தை நம்புவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

ஓட்டுநரிடம் சொன்னது

கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரியில் ஓட்டுநர்தான் வழிகாட்டி. எங்களுக்கு வந்தவர் நாற்பதைத் தாண்டியவர், சக்கா இனத்தவர், கிளிமஞ்சாரோ அடிவாரத்து ஊர்க்காரர். அம்மாவைப் பார்த்ததும் லேசாகத் தலை குனிந்து “ஷிகமோ” என்றார். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம். “மரஹபா” என்று பதில் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அப்புறம் தினமும் காலையில் அம்மா அதற்காகவே காத்திருப்பார்.

முதல் நாளே அவரிடம் சில விஷயங்களைப் பேசிவிட்டோம். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெரிய விலங்கையும் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லை. ஒரு இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்போம். எந்த விலங்கையும் கிட்டே போய்ப் பார்க்கத் தேவையில்லை, தொலைநோக்கி இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குத் தங்குமிடம் திரும்ப வேண்டாம், கட்டி எடுத்துக்கொள்வோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. எல்லாரும் முதலில் பட்டியலைத்தான் நீட்டுவார்கள்” என்றார்.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரம் எளிது. ஓட்டுநரின் வருமானத்தில் இனாமுக்குப் பெரிய பங்கு உண்டு. இனாம் பயணியின் திருப்தியைப் பொறுத்தது. பயணிக்குத் திருப்தி என்பது எத்தனை விலங்கு, எவ்வளவு கிட்டே என்று ஆகிவிட்டது. வண்டிகளுக்குள் ரேடியோவில் சுவாஹிலியில் செய்தி பறக்கிறது. “துமா” என்றால் சிவிங்கிப்புலி (சீட்டா), “சுய்” என்றால் சிறுத்தை. ஒரு வண்டிக்குத் தெரிந்தால் அடுத்த கால் மணி நேரத்தில் இருபது வண்டி அங்கே நிற்கும். ஓட்டுநரைக் குறை சொல்லி இதை மாற்ற முடியாது. வண்டியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் மாறும். அவர் சொல்லாத வரைக்கும், கிட்டே போகத்தான் ஆசைப்படுகிறார் என்றே ஓட்டுநர் எடுத்துக்கொள்வார்.

பிரசவம்

என்டுட்டுவில் முதல் முழுநாள். காலை பத்து மணி இருக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலான வண்டிகள் காலைச் சுற்றை முடித்துத் தங்குமிடம் திரும்பிக்கொண்டிருந்தன. வில்டபீஸ்ட் பெரும்பாலும் ஈனுவதோ முற்பகலில். அதனால்தான் சாப்பாட்டைக் கட்டி எடுத்தோம்.

மந்தைக்கு வெளியே இல்லாமல், உள்ளேயே ஒரு ஓரத்தில், ஒரு பெண் விலங்கு படுப்பதும் எழுவதுமாக இருந்தது. எங்கள் யாருக்கும் அது தட்டுப்படவில்லை. முன் இருக்கையில் இருந்த அம்மா, “அது இடம் பார்க்குதுடா. வண்டியை நிறுத்தச் சொல்லு, கிட்ட போக வேண்டாம்” என்றார். அம்மா சின்ன வயதில் வீட்டில் மாடு வளர்த்தவர். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

வாலுக்குக் கீழே வெள்ளை ஜவ்வுக்குள் இரண்டு குளம்புகள் தெரிந்தன. எழுந்து நான்கு அடி நடந்தது, மறுபடி படுத்தது. பக்கவாட்டில் படுத்து நான்கு காலையும் நீட்டி முக்கியது. தலை வந்தது. எழுந்து நின்றதும் குட்டி முழுசாகச் சரிந்து தரையில் விழுந்தது. தாய் திரும்பி நக்கத் தொடங்கியது. குட்டியின் முன்னங்கால்கள் நிமிர்ந்தன, பின்பக்கம் சரிந்து மூக்கு புல்லில் குத்தியது. மறுபடியும் முயற்சி. மறுபடியும் விழுந்தது. பிறகு நான்கு காலையும் அகலப் பரப்பி நின்றுவிட்டது, நடுங்கியபடி. தொப்புள் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்து எழுந்து நிற்க இந்த இனத்துக்குச் சராசரியாக ஆறேழு நிமிடம் போதும் என்று படித்திருந்தாலும், கண்ணால் பார்க்கும்போது நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தாயின் விலாவை உரசியபடி ஓடவே செய்தது.

தூரத்தில் ஒரு கழுதைப்புலி மந்தையை ஒட்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண் புதுக்குட்டிகள்மேல்தான். ஆனால் குட்டி அதற்குள் நூற்றுக்கணக்கான கால்களுக்கு நடுவே போய்விட்டது.

இங்கே ஒரு உண்மையைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஆபத்து வந்தால் வில்டபீஸ்ட் தாயால் பிரசவத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து ஓட முடியும். குட்டியின் தலை வெளியே வரும் வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு அதன் கையில். இன்னும் கிட்டே பார்க்கலாம் என்று வண்டி நெருங்கினால் ஆபத்து வந்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, புதிதாகப் பிறந்த குட்டிக்கு அம்மா யார் என்பது உடனே பதிவதில்லை. அசைந்து போகும் எதன் பின்னாலும் போகும். தாயைத் தவறவிட்ட குட்டிகள் ஜீப்பின் பின்னால் ஓடிவருவது அங்கே ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. எங்கள் ஓட்டுநர் அன்று பகல் முழுக்க மந்தைக்குள் வண்டியைச் செலுத்தவே இல்லை. மந்தை தானாக நகர்ந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது, எங்களைக் கடந்தும் போனது. அந்த முக்கலும் முனகலும் காதில் நிற்கிற சத்தம்.

சிவிங்கிப்புலியும் வண்டிகளும்

மறுநாள் நடந்ததுதான் இந்தப் பயணத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

கரையான் புற்று ஒன்றின்மேல் ஒரு பெண் சிவிங்கிப்புலி. பக்கத்துப் புல்லில் அதன் குட்டிகள், முதுகில் சாம்பல் நிறப் பிடரி இன்னும் உதிராதவை. நாங்கள் இருநூறு மீட்டர் தள்ளி நின்றோம். அது பார்த்துக்கொண்டிருந்தது தாம்சன் மான்களின் ஒரு சிறு கூட்டத்தை. இறங்கி, தலையைத் தாழ்த்தி, நான்கைந்து அடி வைத்தது. நின்றது. மறுபடி வைத்தது.

அதற்குள் ரேடியோ வேலை செய்திருந்தது. வண்டிகள் மூன்று திசையிலிருந்து வந்தன. என்டுட்டுவில், பாதுகாப்புப் பகுதிக்குள், சாலையை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு. செரோனெரா பக்கம் அது கூடாது. அனுமதி இருப்பதால் வண்டிகள் நேரே அதன் எதிரே வந்து நின்றன. ஒரு வண்டி சிவிங்கிப்புலிக்கும் மான்களுக்கும் நடுவே புகுந்து, நல்ல கோணம் கிடைத்ததும் எஞ்சினை அணைத்தது. கூரை வழியே ஆறேழு பேர் எழுந்து நின்றார்கள். மான்கள் தலையைத் தூக்கின, விலகின. சிவிங்கிப்புலி உட்கார்ந்தது. கொஞ்சம் கழித்துப் படுத்துவிட்டது. நாங்கள் அங்கிருந்து கிளம்பினோம்.

சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. இரவு சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் உரியது. அதனால் நம் சுற்றுலா நேரமும் அதன் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வேட்டை தவறினால் பால் குறையும். குட்டிகளை நீண்ட நேரம் தனியே விட்டுப் போக வேண்டிவரும். செரெங்கேட்டி சமவெளியில் 1980களின் இறுதியில் நடந்த ஆய்வில், பிறக்கும் குட்டிகளில் இருபதில் ஒன்றுதான் தனித்து வாழும் வயதை எட்டியது. பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்கள். இயற்கையிலேயே இவ்வளவு நெருக்கடியில் இருக்கும் தாயின்மேல்தான் நாம் வண்டிச் சுமையையும் ஏற்றுகிறோம்.

அந்தச் சுமை எவ்வளவு என்று கென்யாவின் மாசாய் மாராவில் அளந்திருக்கிறார்கள். 2018ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் அதிகமுள்ள இடங்களில் ஒரு தாய் ஒரு ஈற்றுக்கு வளர்த்து ஆளாக்கியது சராசரியாக 0.2 குட்டி. வண்டிகள் குறைவான இடங்களில் 2.3. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். வண்டி யாரையும் இடித்துக் கொல்லவில்லை. நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் நீண்ட நேரம் இருக்க முடிகிறவர்களுக்குப் பொறுத்துப் பார்க்கச் சுலபம், நாளைக்கும் இங்கேதான் இருப்போம் என்ற தெம்பு உண்டு. மாலைக்குள் அடுத்த பூங்காவுக்குப் போயாக வேண்டியவர் இந்த ஒரு நிமிடத்தில் படம் எடுத்தாக வேண்டும். நடுவே புகுந்த அந்த வண்டியில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையிலும் நான்கு பூங்காத் திட்டம்தான் இருந்திருக்கும். திட்டத்தில் இல்லாத நேரத்துக்கு விலை கொடுத்தது அந்தத் தாய்.

பள்ளம்

கோரோங்கோரோ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வெடித்து உள்வாங்கிய எரிமலையின் வயிறு அது. சுமார் 600 மீட்டர் ஆழம், தரை 260 சதுர கிலோமீட்டர். விளிம்பு 2,200 மீட்டருக்கும் மேல், விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. மகதி ஏரியில் பூநாரைகள், லெராய் காட்டில் பெரிய தந்தத்தோடு கிழட்டு ஆண் யானைகள். ஒட்டகச்சிவிங்கி அங்கே கிடையாது. இங்கோய்டோக்டோக் ஊற்றுப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தால் பருந்து கையிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கிப்போகும், நகம் பட்டால் காயம் வரும். வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது உத்தமம்.

காண்டாமிருகத்தைத் தூரத்தில், கானல் அலைக்கு நடுவே, கறுப்புப் புள்ளியாகப் பார்த்தோம். 1960களின் நடுவில் ஒரு ஆய்வாளர் அங்கே 108 காண்டாமிருகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிந்திருக்கிறார். கொம்புக்காக நடந்த கள்ளவேட்டையில் 1990களுக்குள் அது இருபதுக்கும் கீழே போனது. இப்போது இருப்பவற்றை இரவும் பகலும் காவல் காத்துத்தான் கூட்டிவருகிறார்கள். அந்தப் புள்ளியைப் பார்த்தது எனக்குப் போதும்.

சிங்கங்களின் கதையும் அங்கே தனி. 1962ல் கனமழைக்குப் பின் இரத்தம் குடிக்கும் ஈக்கள் பெருகின. ஈக்கடியில் புண்ணாகி, வேட்டையாட முடியாமல் சிங்கங்கள் செத்தன. 60, 75 என்று இருந்தவை பத்தாகச் சுருங்கின. பின்னர் வெளியிலிருந்து சில ஆண் சிங்கங்கள் வந்து சேர்ந்தன. அதற்குப் பின்னர் இருந்த சிங்கங்கள் அத்தனையும் வெறும் 15 மூதாதையரின் வழித்தோன்றல்கள் என்று கண்டறிந்தார்கள். சுவர் மாதிரி விளிம்பு, உள்ளே நல்ல வேட்டை. உள்ளே இருப்பவை வெளியே போவதில்லை, வெளியே இருப்பவை உள்ளே வர உள்ளவை விடுவதில்லை. பார்க்க மந்தமாக வெயில் காயும் சிங்கக் கூட்டத்துக்குள் இப்படி ஒரு நெருக்கடி இருக்கிறது.

சாலையோரத்து மனிதர்கள்

விளிம்பிலிருந்து என்டுட்டு போகும் வழியெல்லாம் மாசாய் மக்கள் மாடு மேய்க்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் புழுதியைக் கிளப்பியபடி அவர்களைக் கடந்து போகின்றன. திட்டத்தில் அவர்களுக்கு “கலாச்சார கிராமம்” என்று ஒரு வரிதான்.

1959ல் செரெங்கேட்டியிலிருந்து மாசாய் மக்களை வெளியேற்றியபோது, பக்கத்திலேயே கோரோங்கோரோவை மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் பாதுகாப்புப் பகுதியாகத் தனியே பிரித்து, அங்கே வாழும் உரிமையை உறுதி சொன்னார்கள். 1974ல் பள்ளத்தின் தரையில் இருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு பயிர் செய்யத் தடை. 2022 முதல் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, ஹண்டேனி மாவட்டத்து ம்சொமெராவுக்கு இடம்பெயர்க்கும் வேலை நடக்கிறது. அரசு அதை விருப்ப இடப்பெயர்வு என்கிறது. மக்களில் பலர், மருத்துவமும் பள்ளியும் பிற வசதிகளும் குறைக்கப்பட்டு நெருக்கப்படுகிறோம் என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சுற்றுலா வண்டிகள் போகும் சாலையிலேயே திரண்டு போராடினார்கள். நாம் கட்டும் டாலரும் இந்த வழக்கில் ஒரு தரப்பில் நிற்கிறது. மந்தை பெருகியதே மாட்டுக்குப் போட்ட ஊசியால் என்று தெரிந்த பிறகு, மாடு வளர்ப்பவரைக் காட்டுக்கு எதிரி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிளம்பும் முன்

கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் தங்கிவிட்டு ஆறு நாளுக்குள் இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். அம்மாவுக்காக முதலில் மருத்துவரைப் பார்த்தோம், விமானப் பாதையை அதற்கப்புறம்தான் முடிவு செய்தோம். வயதானவர்களோடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தான்சானியாவில் 2019 ஜூன் முதல் தடை.

ஜூலை முதல் அக்டோபர் வரை போகிறவர்களுக்கு என்டுட்டு பயன்படாது. மந்தை அப்போது வடக்கே மாரா ஆற்றங்கரையில். தான்சானியா பக்கம் என்றால் அருஷாவிலிருந்து சிறு விமானத்தில் கோகடெண்டே ஓடுபாதையில் இறங்கி, அங்கேயே எல்லா இரவும் தங்கலாம். போக வர இரண்டு முழு நாள் சாலை மிச்சம். கென்யா பக்கம் மாசாய் மாரா காப்பகத்தில் அந்த மாதங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டும். அதைச் சுற்றி மாசாய் நில உரிமையாளர்களிடம் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. விலை அதிகம்தான். ஆனால் அங்கே ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்குமேல் நிற்க விடுவதில்லை, வாடகை நிலத்துக்காரருக்குப் போகிறது. பணம் குறைவாக இருந்தால் நான் ஒரு இரவைக் குறைத்துக்கொண்டாவது அங்கேதான் தங்குவேன்.